கோப்பு நாடா கட்டிய சாவி

அண்ணாச்சி,

மேசைமேல் சாவி கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கிறது. அந்தப் பூட்டு இறுகிக்கொள்ளும் என்று ஏழு வருடமாக நான் போட்ட எண்ணெயைப் பிழிந்தெடுத்தால், நியூ டவுனில் இருக்கிற அத்தனை மாடி வீடுகளுக்கும் ஒரு வேளைப் பொரியல் தாளித்துவிடலாம். சாவியின் காதில் நீங்கள் கட்டிய கோப்பு நாடா அப்படியே இருக்கிறது. கட்டும்போது வெள்ளை. இப்போது என்ன நிறம் என்று சொல்ல அரசாங்கம் ஒரு குழு அமைக்க வேண்டும்.

சாவிக்குப் பக்கத்தில் போன். அதில் செல்லையா சார் மகள் ஜெபா நேற்று அனுப்பிய செய்தி. "மாமா, வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன். சனிக்கிழமை காலைல நானே பாத்துக்கிறேன், நீங்க பத்து மணிக்கு அப்பா வீட்டுக்கு வாங்க. சாவியை மறக்காமக் கொண்டு வாங்க." அவ்வளவுதான். வழக்கமாகக் கூடவே வரும் கும்பிடும் கை இல்லை, "சாப்பிட்டீங்களா மாமா" இல்லை. இன்று வியாழன். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் உங்களைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, சாவியைப் பிடுங்கப் போறா" என்று புலம்பியிருப்பேன். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே எழுதுகிறேன்.

அந்த அட்டைகள் ஞாபகம் இருக்கிறதா? வருடத்தின் முதல் ஞாயிறு நம் போதகர் ஆளுக்கொன்று கொடுப்பாரே. விசுவாசத்தை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள், இந்த வருடம் கர்த்தருக்காகக் கையால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள் என்பார். எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஜூலை முதல் ஞாயிறு பெட்டியைத் திறந்து, யார் யார் செய்தீர்கள், எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்று கூப்பிடுவார். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதினேன்: "தினமும் ஒரு நோயாளியைச் சந்திப்பேன்." தினமும் என்பதற்கு அடியில் இரண்டு கோடு. உங்கள் அட்டையை எட்டிப் பார்த்தேன். "சனிக்கிழமை" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லி ஒரு மாதம் உங்களைக் கேலி செய்தேன். அண்ணாச்சி கர்த்தருக்குக் காலண்டர் அனுப்பியிருக்கிறார் என்று நம் அலிப்பூர் ஆபீஸ் முழுக்கச் சொன்னேன்.

ஜூலை வந்தது. போதகர் கூப்பிட்டார். சபையின் ஆஸ்தான சாட்சிக்காரனாகிய நான் எழுந்தேன். நம் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற செல்லையா சார், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய், மனைவியும் இல்லாமல் ஜாதவ்பூரில் மூன்றாவது மாடியில் படுத்துக் கிடக்கிறாரே, அவரைத் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். கஞ்சி ஊட்டுகிறேன் என்றேன். நகம் வெட்டுகிறேன், தலை வாருகிறேன், பாட்டுப் பாடுகிறேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்த வீட்டு மாடிப்படிகளே எழுந்து நிற்கின்றன என்றேன். நான் பாடுவதைக் கேட்க ஜன்னலில் காக்கைகள் இடம் பிடித்து வைக்கின்றன என்றுகூடச் சொன்ன ஞாபகம். அம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்துச் சபைக் குழுவில் போட்டார்.

உண்மை என்னவென்றால், ஜனவரியில் ஒரே ஒரு தடவை போனேன். பத்து நிமிடம் இருந்தேன். அவருக்கென்று வைத்திருந்த கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குனிந்து உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் திங்கட்கிழமை, மழை. ஆபீஸ் வாசலில் பத்தரை மணித் தேநீருக்கு நின்றோம். மண்குவளையை ஊதிக்கொண்டே கேட்டீர்கள்.

"தினமுமா வே போறீரு?"

நான் நேராகப் பதில் சொல்கிற ஆளா? போனை எடுத்தேன். மதுரையிலிருந்து ஜெபா முந்தின நாள் மாலை ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "கேளுங்க அண்ணாச்சி, சாட்சிக்கே சாட்சி" என்று அதை ஓடவிட்டேன். "மாமா, உங்க சாட்சியைக் கேட்டேன். அழுதுட்டேன் மாமா. பெத்த மகள் நானே செய்யாததை நீங்க செய்றீங்க." அந்த இடத்தில் நிறுத்தினேன். முந்தின நாளும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன்.

"மிச்சம்?"

"மிச்சமெல்லாம் புகழ்ச்சிதான் அண்ணாச்சி. ஒரே நாள்ல கேட்டா உடம்பு தாங்காது."

"போடும்."

போட்டேன். "பகல் ஆயா பாருல் ஒரு வார்த்தை சொன்னா மாமா. நீங்க அங்க வர்றதே இல்லையாம். வாய் கூசாமச் சொல்றா. இப்படிப் பொய் சொல்றவளை நம்பி எப்படி அப்பாவை விடுறது? இன்னையோட நின்னுக்கோன்னு சொல்லிட்டேன். வேற ஆள் வர ரெண்டு நாள் ஆகும். காலைல ராத்திரி ஆயா போறதுக்குள்ள நீங்க வந்துருவீங்கல்ல, அந்தத் தைரியம்தான். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். மாமா வருவாங்கப்பான்னு."

இரவில் இருக்கும் ஆயா காலை ஏழு மணிக்குக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. பாருல் ஒன்பது மணிக்கு வந்து தன்னிடமுள்ள சாவியால் திறப்பாள். அன்று பாருல் இல்லை. மணி பத்து முப்பத்தைந்து.

நீங்கள் குவளையைக் கீழே வைத்தீர்கள். திட்டியிருந்தால்கூட நான் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். "நடவும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த டாக்சிப் பயணத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பெருக்கிச் சொன்னதில்லை. ஆற்றைக் கடந்தேன், மலையைக் கடந்தேன் என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. ஆனால் நடந்தது இதுதான்: வண்டி ஊர்ந்தது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. நான் ஜெபாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தாகுரியா பக்கம் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். அறுபதை நெருங்கிய இரண்டு அரசு ஊழியர்கள் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரில் ஓடினோம். வழியெல்லாம் நான் ஜெபித்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. "யாராவது அவரைப் பார்த்திருக்க வேண்டும், நான் மாட்டிக்கொள்ளக் கூடாது" என்றுதான் மனம் ஓடியது. இந்த வரிசையில்தான் ஓடியது என்றாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாடி ஏறினோம். எந்தப் படியும் எழுந்து நிற்கவில்லை. கதவைத் தட்டினோம். பதில் இல்லை. மறுபடியும் தட்டினோம். நீங்கள் காதைக் கதவில் வைத்தீர்கள். பிறகு என் தலையைப் பிடித்து இழுத்து என் காதையும் வைத்தீர்கள். உள்ளே எங்கோ எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுகிற சத்தம். டிங். நெடுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் ஒரு டிங்.

"சார், நாங்க வந்துட்டோம். அசையாமக் கெடங்க" என்று கதவோடு வாயை வைத்துக் கத்தினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"சாவி பாருல்கிட்ட இருக்கும். ரயில்வே கேட் தாண்டி, குழாயடிக்குப் பக்கத்துச் சந்து. பேரைச் சொன்னா வீட்டைக் காட்டுவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போவும் வே."

"நீங்க போங்க அண்ணாச்சி, நான் இங்க..."

"நீருதான் போவணும்."

போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போயிற்று. கேட்டைத் திறக்காமல் இன்னொன்றும் வந்து போயிற்று. ஆயுளில் அத்தனை நீளமான ரயில்களை நான் பார்த்ததில்லை. அதை மட்டும் பெருக்கிச் சொல்ல என்னை அனுமதியுங்கள். சந்தில் பாருல், அன்றிலிருந்து எனக்கும் அக்கா முறையில் பாருல்தீ, வாசலில் ஒழுகுகிற தகரத்துக்கு அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை வரை அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஜனவரியில் நான் கேக்கைத் தின்றபோது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். சித்தப்பா முறை வைத்து, வங்காள மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "காக்கு, நான் பொய் சொன்னேனா?"

"இல்லை. நான்தான் சொன்னேன்" என்றேன். "அவர் உள்ளே தனியாக இருக்கிறார். கதவு பூட்டியிருக்கிறது."

சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். நான் மூச்சு வாங்கி நின்றபோது திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். மேலே வந்தோம். நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ஆபீஸில் எந்தக் கோப்பு எங்கே தொலைந்தது என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உள்ளேயிருந்து டம்ளர் ஒவ்வொரு கோப்புக்கும் டிங் என்றது. பிறகு டிங் நின்றுபோயிற்று. பாருல்தீ சாவியைப் போட்டாள். பூட்டு இறுகிவிட்டது. ஒரு தடவை திருப்பினாள். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை திறந்தது.

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே தரையில் கிடந்தார். தண்ணீர்க் கூஜாவை எட்டப் போய் வழுக்கியிருக்கிறார். கூஜா கவிழ்ந்து, அந்தத் தண்ணீர் அவர் முதுகுக்கடியில் போயிருந்தது, வாய்க்குப் போகவில்லை. வேட்டி நனைந்து அசுத்தமாகிவிட்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் என்னைக் கண்டுபிடித்தது. கோணிய வாயால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஜெபா... சொன்னா. நீரு வருவீருன்னு. பாத்துக்கிட்டே இருந்தேன்."

அண்ணாச்சி, அதற்குப் பிறகு நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் அவ்வளவு சின்னதாகவும் இல்லை, அவ்வளவு உள்ளேயும் போகவில்லை.

நீங்கள் சட்டைக் கையை மடித்தீர்கள். "வெந்நீர் போடும்" என்றீர்கள். வெந்நீர் போட்டேன். நீங்களும் பாருல்தீயும் அவரைத் துடைத்து, திருப்பி, மாற்றினீர்கள். துண்டு எங்கே, மாற்று வேட்டி எங்கே என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. எந்த அலமாரியில் எந்தத் தட்டு என்று உங்கள் கைக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் "சனிக்கிழமை" என்ற உங்கள் அட்டை எனக்கு விளங்கிற்று. அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

டாக்டர் வந்து பார்த்து எலும்பு முறியவில்லை என்றார். மாடிப்படியில் இறங்கும்போது உங்களிடம் கேட்டேன்: "சபையில சொல்லப் போறீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? பொய் உம்மளுது."

"ஜெபாகிட்ட?"

"பாருல் நல்லவ, அவளையே வச்சுக்கோ, நான் பொறுப்புன்னு சொல்லுவேன். மிச்சத்தை நீருதான் சொல்லணும். இப்பச் சொன்னா அழுதுட்டு வீட்டுக்குப் போயிருவீரு. உம்மள எனக்குத் தெரியும். மொதல்ல அதை மெய்யாக்கும். பெறகு சொல்லும்."

ஜாதவ்பூர் பஸ் நிலையத்துக்கு அருகே சாவிக்காரரிடம் ஒரு மறுசாவி வெட்டினீர்கள். சட்டைப் பையில் கிடந்த கோப்பு நாடாவைக் கிழித்துக் கட்டி என் கையில் வைத்தீர்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை, இரவு ஆயா போனதற்கும் பாருல்தீ வருவதற்கும் நடுவே யாரும் இல்லாத அந்த இரண்டு மணி நேரம் என் பங்கு ஆயிற்று.

மெய்யாக்குவது என்ன பாடு என்று சாட்சி சொல்கிற யாருக்கும் தெரியாது. முதல் வாரம் நான் ஊட்டிய கஞ்சி அவர் காதுக்குள் போயிற்று. நகம் வெட்டினேன், விரலையும் கொஞ்சம் வெட்டினேன். பாடினேன், அவர் டம்ளரைத் தட்டி நிறுத்தச் சொன்னார். எந்தக் காக்கையும் வரவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு உங்கள் போன். வேறு பேச்சே இல்லை. "இன்னைக்குப் போனீரா?" "போனேன் அண்ணாச்சி." "சரி." சில நாள் போகவில்லை. அப்போது "போகல" என்றேன். அதற்கும் "சரி"தான். ஆனால் மறுநாள் நான் போவதற்கு முன்பே நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஓய்வு பெற்று, மகனோடு நியூ டவுனுக்குப் போனபோது, அப்பாடா, தூரம் ஒரு சாக்காயிற்று என்று நினைத்தேன். நீங்கள் பஸ் நம்பரை எழுதி அனுப்பினீர்கள். அதில் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்றும் இருந்தது.

செல்லையா சார் நினைத்திருந்தால் ஜெபாவிடம் எப்போதோ சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று காலையிலும் போனேன். "அவன் எங்க?" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கஞ்சியில் உப்பு இல்லை என்றார். உண்மையிலேயே இல்லை.

போன மாதம் உங்களுக்கு நினைவு ஆராதனை. "சித்தப்பா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள" என்று உங்கள் பிள்ளைகள் வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். எழுந்தேன். உங்களைப் பற்றி வானளாவச் சொல்லலாம் என்று மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது வரிசையில் நீங்கள் உட்காரும் இடத்தை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துவிட்டேன். ஏழு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்று நான் சொன்னது பொய் என்றேன். கேக்கிலிருந்து தொடங்கி, ரயில்வே கேட், டம்ளர், மூன்று தடவை திருப்பிய பூட்டு எல்லாம் சொன்னேன். பாருல் சொன்னதுதான் உண்மை என்றேன். நாலு நிமிடம்தான் ஆயிற்றாம். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. வெளியே வரும்போது இரண்டு பேர் என்னைப் பார்க்காததுபோல் குடையை விரித்தார்கள். மதுரையிலிருந்து ஜெபா ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. பேச்சில்லாமல் போன பிறகு வந்த முதல் வார்த்தைதான் சாவி. கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், கொடுப்பேன். ஆனால் அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கு நான் எங்கே போவேன் அண்ணாச்சி?

இனி எழுதுவது சனிக்கிழமை மாலை.

பத்துக்கு வரச் சொன்னாள். ஒன்பதரைக்கே அந்த மாடியில் நின்றேன். கதவைப் பார்த்தேன். பழைய பூட்டு இல்லை. புதுசாக ஒன்று, மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு. முடிந்தது என்று நினைத்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் அன்று உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடிக்கக் கை போகவில்லை.

ஜெபாவே திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு அப்பா எத்தனை மணி நேரம் கெடந்தாங்க?"

"நாலே முக்கால்."

"கூட்டிக் குறைச்சுச் சொல்லலையே?"

"இல்லம்மா. ஏழுலேர்ந்து பதினொன்னே முக்கால்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாருல்தீயைப் பொய்க்காரின்னு சொன்னவ நான். ஏழு வருஷமா என்கூடப் பேசிட்டுத்தான் இருக்கா, ஒரு வார்த்தை சொல்லல. நேத்துத்தான் மன்னிப்புக் கேட்டேன். நீங்க கேட்டீங்களா?"

"அன்னைக்கே கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவச் சொன்னா. இன்னும் நான்தான் கழுவுறேன்."

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். நாடாவைப் பார்த்தாள். "இது?" "அண்ணாச்சி கட்டினது." கதவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அப்படியே நின்றேன். உள்ளே டம்ளர் கேட்டது. டிங். ஜெபா ஏதோ சொன்னாள். டிங், டிங் என்று கோபமாக இரண்டு. அவள் திரும்பி வந்தாள். கையில் புதுச் சாவி. நீங்கள் கட்டிய நாடா அதில் தொங்கியது. முடிச்சு மட்டும் அவளுடையது.

"மூணு தடவை திருப்பினதாச் சொன்னீங்கல்ல மாமா. அதான் பூட்டை மாத்தினேன். இது ஒரே திருப்புல திறக்கும்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "கோபம் போகல எனக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். உள்ள போங்க. நான் குடுக்கிற கஞ்சி வேண்டாமாம்."

போனேன். ஊட்டினேன். காதுக்குள் போகவில்லை. உப்பு இருந்தது.

இப்போது மணி ஆறு. மேசைமேல் சாவி கிடக்கிறது. இதில் எண்ணெய் வாசனை இன்னும் ஏறவில்லை, நாடாவில்தான் கொஞ்சம். போன் அடிக்கவில்லை. அது தெரிந்ததுதான். எத்தனையோ விதமாகப் பெருக்கிச் சொல்லத் தெரிந்த வாயால் உங்களுக்கென்று இந்த ஒன்றை மட்டும் உள்ளபடி வைத்திருக்கிறேன்.

இன்னைக்குப் போனேன் அண்ணாச்சி.